அணையா விளக்குக்கு ஒரு சுவிட்ச்

அன்பு மகனுக்கு,

இதனால் இறைமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நாமக்கல் பரமத்தி ரோட்டில் லாரிகளுக்கு ஒயரிங் செய்து பிழைக்கும் உன் அப்பனின் கடையில் வளர்ந்த வெள்ளை நிறச் சுவிட்ச் ஒன்றுக்கும், நம் பங்குக் கோயிலில் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் தொங்கும் அணையா விளக்குக்கும், வருகிற பெரிய வியாழனுக்கு முன்பாக இணைப்பு நடைபெற இருக்கிறது. இது முதல் ஓலை. இந்த இணைப்புக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

தடை சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அணையாத விளக்குக்கு எதற்கு அணைக்கிற சுவிட்ச் என்று ஃபாதரிடம் வாதாடினேன். இப்போது விட்டுக்கொடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோயில் பத்திரிகையான பங்கு மலருக்குக் கோயில் விளக்குகளைப் பற்றி விளக்கி ஒரு கட்டுரை கொடுங்கள் என்று ஃபாதர் கேட்டார். விளக்கைக் கெடுத்தவனிடமே விளக்கம் கேட்கும் தைரியம் அவருக்கு. கட்டுரையாக எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் வரவில்லை. உனக்குச் சொல்வதாக நினைத்ததும் வந்தது. அதனால் இது ஊரே படிக்கப்போகும் கடிதமாகிவிட்டது. படிக்கட்டும். பொய்யைப் போனில் தாழ்ந்த குரலில் சொன்னவன் நிஜத்தை மைக் வைத்துச் சொல்வதில் தப்பில்லை.

போன ஞாயிறு பூசையில் உனக்கும் ரெஜினாவுக்கும் கல்யாண ஓலை வாசித்தார்கள். கடைசிப் பெஞ்சில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். என் பெயர் வந்தது. அடுத்து ‘காலஞ்சென்ற’ என்ற சொல் வந்தது, அதற்குப் பிறகு உன் அம்மாவின் பெயர். நிமிர்ந்த நெஞ்சை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் ரெஜினா போன் செய்தாள். போர்வெல் போடும் ரிக் லாரியிலிருந்து லீவு கிடைத்ததும் நீ நேராக வாழப்பாடிக்குப் போய் லாட்ஜில் தங்கி, அங்கிருந்தே பெண் வீட்டுக் கோயிலுக்கு வந்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறாய் என்றாள். சுற்றி வளைத்துச் சொல்லப் பார்த்தாள், பாவம். முடியாமல் கடைசியில், “கல்யாணத்துக்கு உங்கள வர வேண்டாம்னு சொல்லலை மாமா. அவர்தான் நம்ம வீட்டுக்கு வரமாட்டேன்கிறார்” என்றாள்.

நம் வீட்டுக்கு வராவிட்டால் என்ன குறை என்று ஊரார் கேட்கலாம். மண்டபம் இருக்கிறது, லாட்ஜில் வெந்நீர் வருகிறது. ஆனால் நம் ஆட்களில் கல்யாணத்தன்று காலையில் பிள்ளை தாய் தகப்பன் முன்னால் முழந்தாளிட்டு, அவர்கள் அவன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்த பிறகுதான் வாசற்படி இறங்குவான். அந்தச் சிலுவைக்கு மையும் இல்லை, எண்ணெயும் இல்லை. போட்டவருக்கும் வாங்கியவருக்கும் தவிர யார் கண்ணுக்கும் தெரியாது. நீ வேண்டாம் என்றது அதைத்தான். உனக்குக் காரணம் இருக்கிறது. அதை மறுக்க நான் இதை எழுதவில்லை.

முதலில் கட்டுரை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் பாடி கட்டும் லாரிகளில் எத்தனையோ கேபின்களுக்குள் சாமி படத்தைச் சுற்றி சீரியல் லைட் போட்ட கை இது. முருகனுக்கும் போட்டிருக்கிறேன், மாதாவுக்கும் போட்டிருக்கிறேன், பள்ளிவாசல் படத்துக்கும் போட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை எல்லாருக்கும் இருபத்து நாலு வோல்ட்தான். வெளிச்சத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். வெளிச்சம் எதைக் காட்டுகிறது என்பது வேறு பாடம். அது என் சிலபஸில் இல்லை.

நம் வீட்டுத் திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியுமே சிவப்பு ஜீரோ வாட் பல்பு, அதற்கு ஒரு சுவிட்ச் சுவரிலும் இன்னொன்று என் கட்டிலுக்கு அடியிலும் இருந்த கதை உனக்குத் தெரியும். பொய் சொன்னால் ஆண்டவர் கண் சிமிட்டுவார் என்று உன்னை நம்பவைத்திருந்தேன். நீ படத்துக்கு முன்னால் கைகட்டி நிற்பாய். நான் கட்டிலில் படுத்துப் பேப்பர் படிக்கிற மாதிரி ஒரு கையைக் கீழே தொங்கவிட்டிருப்பேன். பல்பு ஒருமுறை சிமிட்டியதும் கடலை மிட்டாய் களவை ஒத்துக்கொள்வாய். இன்னொருமுறை சிமிட்டினால் நீ செய்யாததையும் ஒத்துக்கொள்வாய். பக்கத்து வீட்டுக் கோழி காணாமல் போனதற்குக்கூட ஒருநாள் அழுதுகொண்டே பொறுப்பேற்றாய். அந்தக் கோழி மறுநாள் தானே நடந்து வந்தது. வீடு கூட்டும்போது ஒயரைக் கண்டுபிடித்த உன் அம்மா, உனக்கு முன்னால் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நீ பள்ளிக்கூடம் போன பிறகு, “அந்த வெளக்கு நெசம் சொல்றதுக்குங்க. அத வெச்சு வெளையாடாதீங்க” என்றாள். ஒரு பல்புக்கு இத்தனை பக்தியா என்று சிரித்தேன். அவள் சொன்னது பல்பைப் பற்றி இல்லை என்று புரிய எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

கோயில் விளக்குக்கு வருகிறேன். பேழைக்குள் நற்கருணை அப்பம் இருக்கும்வரை பக்கத்தில் அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். நம் ஆட்கள் உள்ளே நுழைந்ததும் தலையைத் தூக்கி அதைத்தான் பார்ப்பார்கள், பார்த்ததும் முழங்கால் தானாக மடங்கும். வருடத்தில் ஒருமுறை, பெரிய வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் பூசை முடிந்ததும் நற்கருணையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ப் பேழையைக் காலியாக்கிவிடுவார்கள். அப்போது அந்த விளக்கையும் அணைத்துவிட வேண்டும். இல்லாதபோது இருப்பதாகச் சொல்ல அதற்கு அனுமதி கிடையாது. அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது உன் அம்மாவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளே எடுத்துக்கொண்டது. காலைப் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு பின்தங்கி, எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவாள். என்னைப் பற்றித்தான் பேசியிருப்பாள். நான் எத்தனையோ முறை, எலெக்ட்ரிக்கில் ஒன்று செய்து தருகிறேன், எண்ணெய்த் தொல்லை விட்டது என்று சொல்லிப் பார்த்தேன். “எண்ணெ தீரோணுமுங்க. தீந்தாத்தானே யாராச்சும் உள்ள போயி எட்டிப் பாப்பாங்க” என்பாள்.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. சேலத்தில் பார்த்தோம். இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். படுக்கையில் கிடந்தபடி அவள் கேட்டது விளக்கைத்தான். மற்றப் பெண்கள் முறைவைத்து ஊற்றினார்கள். ஒருநாள் யாருடைய முறை என்ற குழப்பத்தில் விளக்கு அணைந்துவிட்டது. அதைக் கேட்டு அழுதாள். எனக்கு அழுகை பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். பிடிக்காது என்றால், தாங்காது. உடனே கடையில் உட்கார்ந்து என் வாழ்நாளின் சிறந்த வேலையைச் செய்தேன். லாரியின் பின்விளக்குக்குப் போடும் சிவப்பு எல்.இ.டி., உள்ளேயே பேட்டரி, கரண்டு போனாலும் அது தெரியாது. மழை தண்ணீர் புகாத மாதிரி ஓரமெல்லாம் பசை போட்டு அடைத்தேன். சுவிட்ச் வைக்கவில்லை. அணையா விளக்கு என்று பெயர் வைத்துவிட்டு அணைய வழி வைப்பதா என்ற கர்வம். கண்ணாடிக் குடுவைக்குள் அதை மாட்டி, போனில் படம் எடுத்துவந்து உன் அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். இனி அங்கே யாரும் போக மாட்டார்கள், இல்லையா என்றும் கேட்டாள். தொல்லை ஒழிந்தது என்று பாராட்டுகிறாள் என எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் நீ ராஜஸ்தானில் இருந்தாய். திருச்செங்கோட்டு ரிக் லாரியில் ஓடும் பிள்ளைகள் மாதக்கணக்கில் வெளியூரில் கிடப்பது இந்தப் பக்கத்தில் புதிதில்லை. துளை போடும் பொறுப்பு முதன்முறையாக உன் கைக்கு வந்திருந்தது. போன் செய்யும்போதெல்லாம் அம்மா தூங்குகிறாள் என்றேன். காலையில் கூப்பிட்டாலும் தூக்கம், சாயங்காலம் கூப்பிட்டாலும் தூக்கம். எப்பப் பாத்தாலும் தூக்கமாங்கப்பா என்று ஒருநாள் சந்தேகப்பட்டாய். கல்யாணமானதிலிருந்து என்னால் கெட்ட தூக்கத்தையெல்லாம் சேர்த்துவைத்துத் தூங்குகிறாள் என்றேன். நீ சிரித்தாய். என் வாழ்க்கையில் நான் வாங்கிய சிரிப்புகளில் திருப்பிக் கொடுத்துவிட முடிந்தால் கொடுத்துவிட விரும்புவது அது ஒன்றைத்தான்.

வேலையிலிருக்கும் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம் என்று ஆரம்பத்தில் அவளும்தான் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை ஓட்டினேன். உண்மைக் காரணம் வேறு. நீ பையோடு வந்து வாசலில் நின்றால் அவள் போகப்போகிறாள் என்பது நிச்சயமாகிவிடும். நீ வராதவரை அது சாதாரணக் காய்ச்சல் மாதிரி இருந்தது. உனக்கு மறைக்கிறேன் என்று நினைத்து எனக்கு நானே மறைத்துக்கொண்டேன். தவக்காலத்தில் ஒரு காலையில் மறைக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. நீ ரயில் மாறி மாறி வந்து சேர்ந்தபோது பெட்டியை மூட உனக்காகக் காத்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது மெதுவாகத்தான் கேட்டாய்: “அம்மா என்னையக் கேட்டாங்களாப்பா?” நான், இல்லை சாமி, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். நீ நடையை நிறுத்தவில்லை. ஆனால் எனக்குப் பக்கத்தில் நடப்பதை நிறுத்திவிட்டாய்.

போன வருடப் பெரிய வெள்ளிக்கிழமை நடந்தது ஊருக்கே தெரியும் என்றாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். வியாழன் பூசை முடிந்து பேழையைக் காலி செய்தார்கள். சொரூபங்களோடு சேர்த்துப் பேழைக்கு முன்னாலும் ஊதாத் திரை போட்டிருந்தார்கள். விளக்கை அணைக்க வேண்டிய நேரம் வந்ததும் கோயில் காரியம் பார்க்கும் கோயில்பிள்ளை சுவிட்சைத் தேடினார். ஃபாதர் போய் மெயினையே அணைத்தார். கோயில் முழுக்க இருட்டானது, என் விளக்கு மட்டும் பேட்டரியில் ஜம்மென்று எரிந்தது. அதன்மேல் துணி போட்டார்கள், துணி சிவந்தது. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கடைசியில், கழற்றுவதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். மனைவியைப் புதைத்த ஈரம் காயாதவன் சிரித்தேன். என் வேலையை யாராலும் அணைக்க முடியவில்லையே.

மறுநாள் ஜனங்கள் வந்தார்கள். சிவப்பைப் பார்த்ததும் பழக்கத்தில் ஒவ்வொருவராக முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். திரைக்குப் பின்னால் பேழை காலி. வயதான ஓர் அம்மாள் முழங்கால் வலியோடு தரையைப் பிடித்து இறங்கிக் கும்பிட்டு, எழ முடியாமல் தவித்தார். நீ ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டாய். பிறகு நேராக என்னிடம் வந்தாய். கோபமாகக்கூட இல்லை உன் குரல். “உள்ள ஒண்ணுமில்லைங்கப்பா. உங்க போன் பேச்சாட்டவே, வெளக்கு மட்டும் எரியுது.” அவ்வளவுதான். ஈஸ்டர் பாஸ்காவுக்குக்கூட இருக்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அந்தச் சொல்லை ஒரு வருடமாகச் சுமக்கிறேன், சாமி. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதில் பிழை இல்லை. பேழைக்குப் பக்கத்தில் இருந்த பிழை நான் வைத்ததுதான்.

நீ போன மறுநாள் ராத்திரி பாஸ்கா திருவிழிப்புக்குப் போனேன். வருடா வருடம் போகிறவன்தான், ஆனால் அன்றுதான் பார்த்தேன். முதலில் எல்லா விளக்கையும் அணைக்கிறார்கள், அணையாத என் விளக்கை மட்டும் சங்கிலியோடு கழற்றி வெளியே கொண்டுபோயிருந்தார்கள். ஜெனரேட்டரைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் நிஜமான இருட்டில் எல்லாரும் நிற்கிறோம், பக்கத்தில் இருப்பவர் முகம் தெரிவதில்லை. வெளியே புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றி உள்ளே கொண்டுவருகிறார்கள். அந்தப் பெரிய மெழுகுதிரியின் மேல் ஐந்து சாம்பிராணி மணிகளைச் சிலுவையாகக் குத்தி வைத்திருப்பார்கள், ஆண்டவரின் ஐந்து காயங்கள் அவை. உயிர்த்து வந்தவர்கூடக் காயத்தை மறைத்துக்கொண்டு வரவில்லை. நானோ ஒவ்வொரு காயத்தின் மேலும் இன்சுலேஷன் டேப் சுற்றுகிறவன். இருட்டை வரவே விடாமல், நடுவில் ஒரு எல்.இ.டி.யை எரியவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று ஜோக் அடிப்பவன். இருட்டாமல் எங்கே புது நெருப்பு ஏற்றுவது?

உனக்குக் கல்யாண புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்றால் சொல்லித்தான் தொலைக்க வேண்டும். உன் வீட்டில் ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோகும். எல்லா வீட்டிலும் தீரும். அன்றைக்கு ரெஜினாவிடம் தீர்ந்துவிட்டது என்று சொல். சிரிப்பு மூட்டி அவளைத் திசை திருப்பாதே. உனக்கும் என் வாய் வந்திருக்கிறது, எனக்குத் தெரியும். மெழுகுதிரி எரிந்தால் குறையும், குறைவது கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் யாராவது கையை வைத்துக் காற்றைத் தடுப்பார்கள். என் விளக்கு குறையவே இல்லை. அதனால் உன் அம்மாவுக்குப் பிறகு அதன் பக்கத்தில் ஒருவரும் போய் உட்காரவில்லை. அவள் அன்று கேட்டது பாராட்டு இல்லை என்று இப்போது தெரிகிறது. அணைப்பது என்றால் விளக்கை அணைப்பதும் பிள்ளையை அணைப்பதும் ஒரே சொல்தான். எனக்கு இரண்டுமே வராமல் போயிற்று.

இனி உன் கேள்விக்குப் பதில். கேட்டாள். தினமும் கேட்டாள். ஒருநாள் மத்தியானம் கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டு, “பையனக் கூப்புடுங்க, கொரலக் கேக்கோணும்” என்றாள். உன்னைக் கூப்பிட்டால் அவள் குரலில் இருந்த ஈரமெல்லாம் வற்றிப்போனதை நீ கேட்டுவிடுவாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? மிமிக்ரியில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. முட்டை லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்திலிருந்து பிஷப் பிரசங்கம் வரைக்கும் பேசிக்காட்டிக் கைதட்டு வாங்கியவன். அவள் காதில் போனை வைத்துவிட்டு, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்று, கடைப் போனிலிருந்து உன் குரலில் பேசினேன். அம்மோவ் நல்லாருக்கியா, சாப்டியா என்றேன். அவள் சாப்பிட்டேன் சாமி என்றாள். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள். தூசியில் வேலை செய்யும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் நீ சொல்வது போலவே சரி சரி என்றேன். ஒரு சொல் பிசகவில்லை. அன்று நான் பேசியது மாதிரி எந்த மேடையிலும் பேசியதில்லை என்று வெகுநாள் எனக்குள்ளேயே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி உள்ளே வந்து பையன் என்ன சொன்னான் என்று கேட்டேன். பக்கத்தில் வரச் சொன்னாள். என் தலையைக் கீழே இழுத்து, நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தாள். விரல் சுட்டது. “இது அவனுக்குங்க. நீங்க வெச்சுக்காதீங்க. வந்தா போட்டுருங்க” என்றாள். அதனால்தான் கேட்கிறேன், சாமி. நான் போடுகிற ஆசீர் வேண்டாம் என்றால் விட்டுவிடு, நியாயம்தான். இது என்னுடையது இல்லை. கல்யாணத்தன்று காலையில் ஒரு நிமிஷம் வாசல்வரை வந்து உன் அம்மா கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். சிலுவை போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். “எம்பையன் ஒருநாளும் என்னையச் சாப்டியான்னு கேட்டதில்லைங்க. மாத்தர போட்டியான்னுதான் வைவான்” என்றாள். ஆக, இந்தப் பக்கத்திலேயே மிஞ்ச ஆளில்லாத என் மிமிக்ரி முதல் வரியிலேயே பிடிபட்டுவிட்டது. பிடித்த பிறகும், கதவுக்குப் பின்னால் நிற்கிறவன் மனம் நோகக்கூடாது என்று அத்தனை நேரம் பதில் சொல்லியிருக்கிறாள். அன்றைக்காவது உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

உன் அப்பன்